புலியைக் காட்ட அழைத்துச் செல்லும் வழிகாட்டி தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக எல்லாக் காடுகளிலும் ஒன்றுதான்: ‘இன்றைக்குப் புலி தென்படுமா?’ அதற்கு வழிகாட்டி சொல்லும் பதில் அடுத்த மூன்று, நான்கு மணி நேரத்தின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. ‘கட்டாயம் பார்க்கலாம், நேற்றுகூட அந்தக் குளத்தில் படுத்திருந்தது’ என்று சொல்லிவிட்டால், அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற வண்டிகள் போகும் பக்கமெல்லாம் விரைய வேண்டும். நின்று கேட்க வேண்டிய குரல் எதுவும் காதில் விழாது. புதிதாக இந்தப் பணிக்கு வரும் இளைஞர்களுடன் பல ஆண்டுகளாகக் காட்டுக்குள் சென்று வருகிறேன். அவர்கள் செய்யும் தவறுகளையும், அந்த வயதில் நானே செய்த தவறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, பெரும்பாலானவை அவசரம் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவே தெரிகின்றன.

வாக்குக் கொடுப்பதன் சிக்கலைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 1,411 ஆக இருந்த இந்தியப் புலிகளின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் சராசரியாக 3,682 ஆக உயர்ந்தது. மகிழ்ச்சிக்குரிய உயர்வுதான். ஆனால் இரை நிறைந்த மத்திய இந்தியக் காடுகளில்கூட ஒரு பெண் புலி ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது. ஆண் புலியின் எல்லை அதைப்போலப் பல மடங்கு விரியும். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறந்துவிடக் கூடாது. அந்த 20 விழுக்காட்டுக்குள்ளும் நாம் போகும் மண்சாலை மெல்லிய கோடு மட்டுமே. சாலையின் இருபுறமும் சில பத்து மீட்டர்தான் கண்ணுக்குப் படும். பகலின் பெரும்பகுதியை நிழலில் படுத்தே கழிக்கும் ஒரு விலங்கு, நாம் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இதைப் புறப்படும் முன்பே இரண்டு வாக்கியங்களில் எடுத்துச் சொல்லிவிட்டால் பார்வையாளர் ஏமாற்றமடைவதில்லை. மாறாக, தானும் தேடத் தொடங்குகிறார். ‘பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளங்களை உங்களுக்குக் காட்டுவேன்’ என்று சொல்வதே என் வழக்கம்.

குரலைக் கேட்டதும் வண்டியை விரட்டுவது

புலியைக் கண்டுபிடிப்பதில் பாதிக்கு மேல் காதின் வேலை. புள்ளிமான், கடமான், கேளையாடு, மந்தி, மயில், காட்டுக்கோழி என்று காட்டில் காவல் காக்கும் உயிர்கள் பல. அவற்றின் எச்சரிக்கைக் குரல் கேட்டவுடன், ‘அந்தப் பக்கம் போ’ என்று ஓட்டுநரின் தோளைத் தட்டுவதுதான் புதிய வழிகாட்டி செய்யும் முதல் தவறு. வண்டி கிளம்பியதும் இயந்திரத்தின் ஓசை அடுத்த குரலை விழுங்கிவிடும். ஒரு குரலை வைத்துக்கொண்டு புலி இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது குரல் எங்கிருந்து எழுகிறது என்பதைக் கேட்டால்தான் அது நிற்கிறதா நடக்கிறதா, எந்தப் பக்கமாக நடக்கிறது என்று புலப்படும். ஆகவே முதல் குரல் கேட்டதும் செய்ய வேண்டியது, இயந்திரத்தை அணைக்கச் சொல்வதுதான். ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் போதும், மறைந்திருப்பதன் இடத்தைக் காடே ஓரளவுக்குச் சொல்லிவிடும்.

எல்லாக் குரலையும் ஒன்றாக எடைபோடுவது அடுத்த தவறு. புள்ளிமான் கீச்சென்ற கூர்மையான குரலில் கத்தும். சிறுத்தைக்கும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும், சில நேரம் ஒன்றுமில்லாத சலசலப்புக்கும் கத்தும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் புள்ளிமான் எழுப்பும் நீண்ட அடிக்குரலை எச்சரிக்கை என்று நினைத்து வண்டியைத் திருப்பிய வழிகாட்டிகளும் உண்டு. கடமான் அப்படி எளிதில் வாய் திறப்பதில்லை. அது கனத்த குரலில் ஒரே ஒரு முறை ஒலித்தால் காற்றில் ஏதோ வாடை வந்திருக்கலாம். திரும்பத் திரும்ப ஒலித்து, வாலை நிமிர்த்தி, முன்காலைத் தரையில் தட்டி, ஒரே திசையை நோக்கி நின்றால் அங்கே பெரிய ஊனுண்ணி ஒன்று இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மரத்தின் உச்சியில் இருக்கும் மந்தியோ கண்ணால் கண்ட பிறகுதான் பெரும்பாலும் கத்துகிறது. அது பார்க்கும் திசையைக் கோடு பிடித்தாற்போலத் தொடர்ந்து பார்த்தால் புதருக்குள் ஒரு வால்நுனியாவது அகப்படும். எனவே எந்த விலங்கு கத்துகிறது என்பதோடு, அது மோந்து கத்துகிறதா, பார்த்துக் கத்துகிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோந்து கத்தும் விலங்கின் விஷயத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். கையில் கொஞ்சம் புழுதியை எடுத்து விரல்களுக்கிடையே உதிர விட்டாலே அது தெரிந்துவிடும்.

குரல் நின்றுவிட்டால் புலி போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் தவறுதான். புலி படுத்துவிட்டாலும் குரல் நிற்கும். மானின் பார்வையிலிருந்து மறைந்தாலும் நிற்கும். ஒரு கோடைக் காலையில் ஓர் ஓடையின் கரையில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு பெண் கடமான் ஆறேழு முறை கத்திவிட்டு ஓய்ந்தது. அதனுடைய வால் மட்டும் இறங்கவில்லை, காதுகள் மூங்கில் புதர் ஒன்றின் பக்கமாகவே விறைத்திருந்தன. எங்களோடு நின்ற மூன்று வண்டிகள் பத்து நிமிடத்தில் கிளம்பிப் போய்விட்டன. நாங்கள் அந்த வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மூங்கிலுக்குள்ளிருந்து ஒரு பெண் புலி எழுந்து, சோம்பல் முறித்து, ஓடையில் பின்பக்கமாக இறங்கி, கழுத்துவரை நீரில் அமிழ்ந்து உட்கார்ந்தது. அது அவ்வளவு நேரமும் எங்களிடமிருந்து முப்பது அடி தூரத்தில் படுத்திருந்திருக்கிறது. கடமானின் வால் இறங்காதவரை கிளம்பக் கூடாது என்ற பாடத்தை அன்றைக்கு என்னோடு வந்த ஒரு முதியவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். மறுநாள் மாலை அவரே வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மந்தியைக் காட்டினார்.

தடத்தைப் பின்தொடர்வது

புழுதியில் பதிந்த தடம் பார்வையாளருக்குப் பெரும் கிளர்ச்சியைத் தரும். நான்கு விரல்கள், பின்விளிம்பில் மூன்று மடிப்புகளுடன் கூடிய உள்ளங்கால், நகக் குறி இல்லாத சுத்தமான அச்சு. அதைக் காட்டுவது நல்லதுதான். ஆனால் அதை எப்படி வாசிக்கிறோம் என்பதில் தவறு நேர்கிறது. தடத்தின் மேல் வண்டிச் சக்கரத்தின் கோடு ஓடியிருந்தால் புலி அந்த வண்டிக்கு முன்பே போயிருக்கிறது. சக்கரக் கோட்டின் மேல் தடம் விழுந்திருந்தால் வண்டிக்குப் பின்னர் வந்திருக்கிறது. தடத்தின் குழிக்குள் பனித்துளி சொட்டிய புள்ளிகளோ, சிறு பூச்சிகள் ஊர்ந்த கோடுகளோ இருந்தால் அது இரவில் பதிந்தது. விளிம்பு இன்னும் உதிராமல் கூர்மையாக இருந்தால் அண்மையில் பதிந்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ‘இப்போதுதான் போயிருக்கிறது’ என்று பார்வையாளரின் ஆவலைத் தூண்டிவிட்டு, இரவுத் தடத்தின் பின்னால் இரண்டு மணி நேரத்தை வீணாக்கும் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடத்தை வைத்து ‘இது பெரிய ஆண்’ என்று அடித்துச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். ஆணின் பின்காலடி சதுரமாகவும் பெண்ணின் பின்காலடி சற்று நீண்டும் இருக்கும் என்பது பொதுவாகச் சரியானாலும், ஈர மண்ணில் விரிந்த அச்சும், புழுதியில் சரிந்த அச்சும் பழக்கப்பட்ட கண்ணையே ஏமாற்றும். நம் நாட்டில் நெடுங்காலம் தடங்களை வைத்தே புலிகளைக் கணக்கெடுத்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் முற்றாக அழிந்துபோனது 2004–05இல் வெளிச்சத்துக்கு வந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டு, தானியங்கிக் கேமராக்களில் பதியும் உடல் வரிகளை ஒப்பிட்டு மதிப்பிடும் முறை 2006இலிருந்து நடைமுறைக்கு வந்தது. துறையே கைவிட்ட உறுதியை நாம் ஒரு வண்டியில் உட்கார்ந்துகொண்டு கோர வேண்டியதில்லை.

தடம் புதிதாகவே இருந்தாலும், புலி போன அதே சாலையில் அதன் பின்னால் வண்டியை விடுவது அதைத் துரத்துவதற்குச் சமம். மென்மையான பாதங்களைக் கொண்ட அந்த விலங்கு மண்சாலையில் விரும்பி நடக்கும். பின்னாலிருந்து வண்டியின் ஓசை நெருங்கினால் சாலையை விட்டு இறங்கிவிடும். அந்தச் சாலை எங்கே போய்ச் சேருகிறது, வழியில் நீர்நிலை இருக்கிறதா, எல்லையைக் குறிக்க அது வழக்கமாக நிற்கும் மரம் இருக்கிறதா என்று யோசித்து, சுற்றுவழியாக முன்னே போய் விலகி நின்று காத்திருப்பதே முறை. அப்படிப்பட்ட மரங்களின் அடியில் புலி பீய்ச்சியடித்த நீர்மத்தின் மணம் நின்றுகொண்டிருக்கும். வாசனை அரிசி வேகும்போது எழும் அதே மணம்தான், இரண்டிலும் இருக்கும் வேதிப்பொருள் ஒன்றே. வண்டியை விட்டு இறங்காமலேயே, சாலையோர மரத்தின் பக்கத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி இதைப் பார்வையாளருக்கு உணர்த்தலாம். புலியை நேரில் கண்டவர்கள்கூட இந்த மணத்தைப் பற்றித்தான் பிறகு அதிகம் பேசுகிறார்கள்.

புலி தென்பட்ட பின் வண்டியை நிறுத்தும் இடம்

நான் மிகவும் கவலைப்படும் தவறு இதுதான். புலி தெரிந்த பிறகு வழிகாட்டியின் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கடினமான வேலை அங்கேதான் தொடங்குகிறது. பார்வையாளர் எழுந்து நிற்பார், பின்னால் வந்த வண்டி முன்னால் வரப் பார்க்கும், ஓட்டுநர் ‘இன்னும் கொஞ்சம் போகட்டுமா’ என்று கேட்பார். அந்த நேரத்தில் புலியின் முகத்தைப் பார்ப்பதைவிட அது எங்கே போக விரும்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாலையைக் கடக்கப்போகும் புலி, தான் நுழையப்போகும் இடத்தைப் பல முறை பார்க்கும். நடை தளரும், தலை தாழும், பார்வை எதிர்ப்புறத்திலேயே நிலைக்கும். அந்த இடத்தில் வண்டி நின்றால் வழி அடைபட்டது. எந்தக் காட்டுயிரிடமிருந்தும் குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று ஆணையத்தின் நெறிமுறை சொல்கிறது. ஆனால் 20 மீட்டர் விலகி நின்றும் வழியை அடைக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. தொலைவும் வேண்டும், திறந்த பாதையும் வேண்டும்.

2024 டிசம்பர் 31 அன்று மகாராஷ்டிரத்தின் உம்ரேட்–பவுனி–கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு பெண் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் சஃபாரி வண்டிகள் இருபுறமும் மறித்து நின்ற காட்சி பரவலாகப் பகிரப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வழிகாட்டிகளும் ஓட்டுநர்களும் பணியிலிருந்து விலக்கப்பட்டு, அபராதமும் விதிக்கப்பட்டது. அந்தக் காட்சியைப் பார்த்த எல்லாரும் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபத்தோடு அச்சமும் ஏற்பட்டது. ஏனென்றால் அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியும் தன்னளவில் ஒரு சில மீட்டர்தான் முன்னே நகர்ந்திருக்கும். சூழ்ந்துகொள்ள வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் முன்னே போனால் அது தானாக நடந்துவிடுகிறது.

குட்டிகளோடு வரும் தாயின் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. தாய் பெரும்பாலும் முதலில் கடந்து, மறுபுறம் நின்று, தாழ்ந்த குரலில் அழைக்கும். அதன் பிறகே குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். தாய் கடந்ததும் ‘முடிந்தது’ என்று நினைத்து வண்டிகள் நகர்ந்தால், தாயும் குட்டிகளும் சாலையின் இரு பக்கங்களில் பிரிந்துவிடுவார்கள். நான் பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டில் இதைச் செய்தேன். தாய்ப்புலி கடந்தவுடன், அதன் முகம் தெரிய வேண்டும் என்று பார்வையாளர் கேட்டுக்கொண்டதால் வண்டியைப் பத்தடி முன்னே எடுக்கச் சொன்னேன். புதருக்குள் இரண்டு குட்டிகள் உட்கார்ந்திருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். தாய் மறுபுறம் நின்று அழைத்துக்கொண்டே இருந்தது. குட்டிகள் வண்டியைப் பார்த்துப் பின்வாங்கின. நாங்கள் பின்னே போய், இயந்திரத்தை அணைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தும், அவை கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தக் குரலை நான் இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தாய் கடந்தாலும், குட்டி இருப்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பத்து நிமிடம் வண்டியை அசைக்க விடுவதில்லை.

புலி தன் மனநிலையை உடலால் வெளிப்படையாகவே சொல்கிறது. காதுகளைப் பின்னே மடக்கித் திருப்பும்போது அவற்றின் பின்புறத்திலிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் முன்னால் தெரியும். வால்நுனி வெடுக்வெடுக்கென்று அடிக்கும். மேலுதடு சுருங்கி அடித்தொண்டையில் உறுமல் எழும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பின்வாங்குவதற்கான நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். திடீரென்று இயந்திரத்தை முறுக்கி விரைவதும் கூடாது. மெல்லக் கிளப்பி மெல்லப் பின்னே எடுக்க வேண்டும். ஆகவே நிறுத்தும்போதே, பின்னே போக இடம் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தும் பழக்கம் ஓட்டுநருக்கு இருக்க வேண்டும். இதைக் காட்டுக்குள் நுழையும் முன்பே ஓட்டுநரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். புலியின் முன்னால் நின்றுகொண்டு விவாதிக்க முடியாது.

இரையை வீழ்த்தி வைத்திருக்கும் புலியிடம் நெருங்கினால் அது இரையை விட்டு அகன்றுவிடலாம். அதன் வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியில் முடிகின்றன. கிடைத்த ஒன்றையும் நம்மால் அது இழப்பது பெரும் அநியாயம். புலி எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கதவைத் தட்டுவது, விசிலடிப்பது, கல்லெறிவது, கைபேசியில் பதிவான குரலை ஒலிக்கவிடுவது ஆகியவற்றைப் பற்றி விளக்கம் எதுவும் தேவையில்லை, செய்யவே கூடாதவை.

‘அதோ, அதோ!’

புலியை வழிகாட்டி பார்த்துவிட்டார், பார்வையாளரால் பார்க்க முடியவில்லை. இந்தச் சில விநாடிகளில் நடக்கும் குழப்பத்தால் கைநழுவிய காட்சிகள் ஏராளம். ‘அதோ, அதோ’ என்று கையை நீட்டினால் ஆறு பேரும் ஆறு பக்கம் பார்ப்பார்கள், பிறகு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், வண்டி ஆடும், புலி போய்விடும். இதற்கு முன்கூட்டியே ஒரு முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் மூக்கைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு ‘இரண்டு மணிப் பக்கம்’ என்று சொல்வது ஒரு வழி. பெரிய அடையாளத்திலிருந்து சிறிய அடையாளத்துக்கு இறங்குவது இன்னொரு வழி. ‘வெளுத்த பட்டை உள்ள தனி மரம், அதன் வேரடியில் கரும்பாறை, பாறைக்கு இடப்பக்கம் காய்ந்த புல்’ என்று மெல்லிய குரலில், நிதானமாகச் சொன்னால் வயதானவர்களும் குழந்தைகளும்கூடப் பின்தொடர்வார்கள்.

எதைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். படங்களில் பார்த்த முழுப் புலியைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். காட்டில் முதலில் கிடைப்பது ஒரு காது, வாலின் வளைவு, கன்னத்தின் வெண்மை, அல்லது புல்லின் செங்குத்துக் கோடுகளுக்கிடையே சற்றுச் சாய்ந்த ஒரு கருங்கோடு. இவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் எப்படி மறைகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். மான்களால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. ஆகையால் அவற்றின் கண்ணுக்குப் புலியின் ஆரஞ்சும் இலையின் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிகின்றன. இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை அன்று முழுவதும் புதர்களை வேறு கண்ணோடு பார்க்கும்.

பேச்சின் அளவும் முக்கியம். வாயை மூடாமல் விவரித்துக்கொண்டே வருபவர் குரல்களைத் தவறவிடுகிறார். புலி வரும்வரை வாயே திறக்காதவர் பார்வையாளரைச் சலிப்படையச் செய்கிறார். நின்றால் மௌனம், நகர்ந்தால் மெல்லிய குரலில் பேச்சு என்பதை நான் கடைப்பிடிக்கிறேன். பசியோடு இருக்கிறது, நம்மைக் குறிவைக்கிறது, மனித ரத்தம் கண்ட புலி என்றெல்லாம் கதை கட்டி அச்சமூட்டுவது பார்வையாளருக்கும் புலிக்கும் செய்யும் தீங்கு. அந்தக் கதையைக் கேட்டு வீடு திரும்புபவர், காட்டோரக் கிராமத்தில் புலி நடமாடுகிறது என்ற செய்தியைப் பார்க்கும்போது எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

புலியை மட்டுமே தேடுவது

தென்னிந்தியக் காடுகளில் இந்தத் தவறு ஆபத்தாகவே முடியக்கூடும். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளெ போன்ற காடுகளில் உண்ணிச்செடி பல இடங்களில் சாலையோரம்வரை அடர்ந்து பரவிவிட்டது. பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. புலியின் தடத்திலேயே கண்ணாக இருக்கும் வழிகாட்டி, வளைவுக்கு அப்பால் கன்றுடன் நிற்கும் யானையைக் கவனிக்கத் தவறுகிறார். புதிதாக முறிந்த மூங்கில், ஆவி பறக்கும் சாணம், செடிக்குள்ளிருந்து கேட்கும் கிளை முறிபடும் ஓசை ஆகியவற்றுக்குப் புலித்தடத்தைவிட முதலிடம் கொடுக்க வேண்டும். புலி பெரும்பாலும் விலகிப் போகும். கன்றுள்ள யானை விலகாது. தனித்த காட்டெருமைக் காளையும் அப்படித்தான்.

ஆபத்தைத் தள்ளி வைத்தாலும், செந்நாய்க் கூட்டத்தையும் கரடியையும் ‘அது வழக்கமாகத் தெரிவதுதான்’ என்று தாண்டிப் போகும் வழிகாட்டி பார்வையாளருக்குக் கிடைக்க வேண்டியதைப் பறிக்கிறார். உண்மையில் செந்நாய் வேட்டையைப் பார்ப்பது புலியைப் பார்ப்பதைவிட அரிது. மேலும் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் நின்று நேரம் கொடுத்தவர்களால்தான் பிறகு அவற்றின் நடத்தையில் வரும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

காலமும் நேரமும் பற்றி ஒரு சில வார்த்தைகள் போதும். மத்திய இந்தியக் காப்பகங்கள் பெரும்பாலானவற்றின் மையப் பகுதி ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். இது தெரியாமல் பயணத்தைத் திட்டமிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே மாத வெயிலில் புலி நீரைத் தேடி வரும் என்பதால் அலைவதைவிட நீர்நிலையின் அருகே காத்திருப்பது பலன் தரும். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் துளைக்கும். தடித்த உடையின்றி வந்தவர் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கேட்பார், புலியோ வெயில் ஏறிய பிறகுதான் வெளியே வந்து படுக்கும். உடையின் நிறம் மங்கலாக இருப்பது நல்லது. ஆனால் அசைவும் ஓசையும்தான் விலங்குகளை முதலில் எச்சரிக்கின்றன.

கைபேசியும் திரும்பும் வழியும்

புலி எந்த நீர்நிலையில், எத்தனை குட்டிகளோடு இருக்கிறது என்பதைப் படத்தோடு அன்றே வெளியிடுவது பார்வையாளருக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். அந்தச் செய்தி வேட்டைக் கும்பலுக்கும் போய்ச் சேரும். மறுநாள் காலையில் இருபது வண்டிகளையும் அதே இடத்துக்கு இழுத்துவரும். இடத்தின் பெயரையும் படத்தில் பதியும் இருப்பிடத் தகவலையும் நீக்கச் சொல்வது வழிகாட்டியின் கடமை. மையப் பகுதியில் கைபேசிக்கே தடை விதித்துள்ள காப்பகங்களும் இருக்கின்றன. அங்கே நுழைவாயிலிலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் உள்ளே வாக்குவாதம் எழாது.

நேரம் முடியும் தறுவாயில் நுழைவாயிலை அடைய வேண்டும் என்ற அவசரம், நாள் முழுவதும் காத்த ஒழுங்கைக் கடைசி இருபது நிமிடத்தில் குலைத்துவிடுகிறது. அந்தி வேளையில்தான் பக்கிப் பறவைகள் சூடான மண்சாலையில் அமர்ந்திருக்கும், பாம்புகள் குறுக்கே ஊரும், முயல்கள் வெளிச்சத்தில் திகைத்து நிற்கும். திரும்புவதற்கான நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கால் மணி நேரத்தைச் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் புலி வந்துவிட்டால்? வந்தால் வரட்டும், வண்டி கிளம்பியாக வேண்டும். இதைச் சொல்லும் தைரியம் வழிகாட்டிக்கு இருக்க வேண்டும், அதை ஏற்கும்படி பார்வையாளரிடம் காலையிலேயே பேசியும் இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் பார்த்ததைப் பதிவேட்டில் எழுதாமல் போய்விடுவதையும் தவறுகளில் சேர்ப்பேன். நொண்டி நடந்த புலி, மெலிந்த குட்டி, கழுத்தில் சுருக்குக் கம்பி பதிந்த விலங்கு என்று எதைக் கண்டாலும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வனத்துறையினரிடம் அன்றே சொல்ல வேண்டும். பார்வையாளர் எடுத்த படம் இங்கேதான் உண்மையாகப் பயன்படுகிறது. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. அதே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட வேறு வேறு. எனவே முகத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாமல், விலாப்புறமும் தெளிவாகப் பதியும்படி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் என்பதையும் பதிவேட்டில் குறித்துவிடுங்கள்.